காவலுக்கு விட்ட துண்டு

1978 ஏப்ரல் 11

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் ரோசி எழுதுகிறாள். இன்று தையல் பிரித்தார்கள். கல்லீரல் கெட்டதில் மண்ணீரல் பெருத்து என் ரத்தத்தையே தின்றுகொண்டிருந்ததாம், முக்கால்வாசியை வெட்டிவிட்டார்கள். முழுசாக எடுத்திருக்கலாமே என்றேன்.

"எடுத்தா, நாளைக்கு ஒரு ஜுரம் வந்தாலும் தாங்க மாட்டீங்க பெரியவரே. மிச்சத் துண்டு காவல் காக்கணும். காக்குமான்னு போகப் போகத்தான் தெரியும். உடம்பு லேசா சுட்டாலும் அன்னைக்கே வந்துடணும்" என்றார் டாக்டர்.

ஏப்ரல் 19

பகல் தூக்கத்தில் துறைமுகம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம். கூலிகள் நாங்கள் ஓடினோம், கிளார்க்குகள் ஓடினார்கள். கிடங்கு வாசலில் காவல்காரன் சுயம்பு மட்டும் நகரவில்லை. கனவில் எங்கும் பனி. அதற்குள் அவன் பீடி நெருப்பு மட்டும் சிவப்பாக.

விழித்ததும் இடது விலாவைத் தொட்டேன். உள்ளே மிச்சம் இருப்பது அவன்தானோ?

மே 30

எங்கள் கோயில் புனிதர் இராயப்பரின் திருநாளுக்கு வெள்ளியில் மண்ணீரல் செய்து வைப்பதாக நேர்ந்திருக்கிறேன். கோயில் வாசலில் கண், கை, கால், இருதயம் எல்லாம் விற்கிறார்கள். மண்ணீரல் இல்லை. வண்ணாரப்பேட்டையில் தகடு வெட்டும் கமாலிடம் போனேன்.

"அது இன்னா மாரி இருக்கும் மாமு?"

"வளைஞ்ச மாங்கா மாரி."

வெட்டினான். கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"முழுசா குடுத்தா சாமிகிட்ட பொய் சொன்ன மாரி ஆய்டும். ரெண்டாக்கறேன். எதக் குடுக்கப்போற, போனதையா, உள்ள கீறதையா?"

ஜூன் 29

பெரிய துண்டைத் தொங்கவிட்டேன். போனதற்கு நன்றி. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மீன்போல நீந்தியது. சின்னது என் மடியில்.

ஜூலை 2

உடம்பு சுடுகிறது. ரோசி, எழுது, ஆனால் அம்மாவிடம் சொல்லாதே. போனவனுக்கு நன்றி சொல்லி, இருப்பவனை மறந்தேனே — அதுதான் சுடுகிறது. முதலில் கோயிலுக்குப் போய்ச் சின்னதையும் வைத்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரி —

ரோசி பேனாவை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டாள். என் பெண்டாட்டி இருதயம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள். "யோவ், கோயிலு எங்கியும் ஓடிப்பூடாது. ஏந்துரு! ரிக்‌ஷா வந்துகினு கீது!"

ஜூலை 3

ஊசி மேல் ஊசி. கட்டில் தோணியாக ஆடுகிறது. சுயம்பு, இருக்கிறாயா?

ஜூலை 9

ஜுரம் இறங்கிவிட்டது. என் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாராம் டாக்டர். "மண்ணீரல் வேலை செய்யலைன்னா ரத்தத்துல குப்பை தங்கும். உங்களுக்குத் தங்கலை. துண்டு காவல்ல இருக்கு. ஆனா அதைத் தனியா விட்டுடாதீங்க, உடம்பு சுடுதான்னு தினமும் யாராவது தொட்டுப் பாக்கணும். கோயிலுக்குப் போய்ட்டு வந்திருந்தா, நான் இதைச் சொல்ல நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

ஜூலை 16

கமால் ரொட்டியோடு பார்க்க வந்தான். "சின்னதையும் குடுத்துட்டியா மாமு?"

"வேலைல கீறவன எப்டிடா கொண்டுபோய்த் தொங்க வுடறது?"

சிரித்து ரொட்டியில் பாதியை அவனே தின்றுவிட்டான்.

தூரத்தில் கப்பல் ஊதுகிறது. அந்த வருஷம் சுயம்பு வாசலில் ஒற்றை ஆளாக இருந்தான். இப்போது காலையில் இருதயம்மாள் வந்து என் நெற்றியில் கை வைக்கிறாள். சாயங்காலம் ரோசி.