நெஞ்சில் ஒட்டிய பட்டை

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.2.2025

மாமாவுக்கு,

மாரிக்கனி எழுதுவது. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதம்.

இதயத் துடிப்பைப் பார்க்க டாக்டர் மாட்டிவிட்ட கருவியைக் கழற்றி எறிந்துவிட்டீர்களாம். "பேட்டரி விலாவுல குத்துது, படுக்க முடியல" என்று சொன்னதாக உங்கள் தங்கை பானு சொன்னாள். கிருஷ்ணன்கோவில் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலையே அதுதான். வளைத்தாலும் மடக்கினாலும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பேட்டரி. தாள் கனம்தான் இருக்கும். நாள் முழுக்க அதை மடக்கி விரித்துப் பார்த்து விரலெல்லாம் மரத்துப்போகிறது. அதையும் துடிப்பைப் பார்க்கும் கருவியையும் துணிப் பட்டையில் வைத்துத் தைத்து, பானுவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எங்கள் பட்டையைப் போட்டுப் பார்க்கும் சோதனையில் உங்களைச் சேர்க்க டாக்டரும் சம்மதித்துவிட்டார். துடிப்பு என் போனில் தெரியும்.

உங்களை விட்டு நான் தனியாக வந்துவிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போட்டுக்கொள்ளுங்கள்.

மாரிக்கனி

ராஜபாளையம்
20.2.2025

அன்புள்ள கனிக்கு,

பட்டை போட்டிருக்கிறேன். குத்தவில்லை. குனிந்து தென்னைக்குத் தண்ணீர் திருப்பும்போதும் உடம்போடு வளைகிறது. பட்டாளத்தில் முதுகில் சுமந்த வயர்லெஸ் பேட்டரியை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நீ போன பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்க இங்கே ஆளில்லை. என் நெஞ்சு துடிப்பது உன் கையில் தெரிகிறது என்று நினைத்தால் தூக்கம் வருகிறது. நேற்று கண்மாய்க்கரையில் கொஞ்சம் வேகமாக நடந்தேன். நீ பார்ப்பாய் என்றுதான்.

வீட்டுக்கு வந்துவிடேன்.

உன்
உக்கிரபாண்டி

ராஜபாளையம்
14.3.2025

அன்புள்ள கனிக்கு,

நேற்று நீ வந்ததைப் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, முந்தானை தரையில் இழுபட ஓடி வந்தாய். டீக்கடையில் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாய். பிறகு எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

"அது உங்க வீட்டு அவியதானே? செத்த நேரம் நின்னுட்டுப் போயிருக்கலாமே" என்றான் கடைக்கார வைகுண்டராஜ். நான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

பட்டை செத்துப்போனது எனக்குத் தெரியாது கனி, ராத்திரி பானு சொல்லித்தான் தெரிந்தது. போனையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

உன்
உக்கிரபாண்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்
2.4.2025

மாமாவுக்கு,

அன்று என் போனில் உங்கள் துடிப்புக் கோடு நின்றுபோனது. கூப்பிட்டால் எடுக்கவில்லை. பேட்டரி செய்கிறவள் நான், பேட்டரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் போய்விட்டீர்கள் என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

கையில் டீ கிளாஸோடு உங்களைப் பார்த்ததும் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே ஓர் அசதி. சேர்ந்திருந்த காலமெல்லாம் இப்படித்தானே? சொல்லாமல் கிளம்பிப் போவீர்கள். பஸ் ஸ்டாண்டு, தோப்பு என்று தேடி ஓடுவேன். எங்கேயாவது உட்கார்ந்திருப்பீர்கள். "எதுக்குட்டி இப்பிடி ஓடி வாரே?" என்பீர்கள்.

பட்டையைப் பிரித்துப் பார்த்தோம். வியர்வை ஓரத்தில் புகுந்து பேட்டரியில் வெடிப்பு விட்டிருக்கிறது. ஓரத்தை நன்றாக மூடி வேறு பட்டை செய்திருக்கிறோம். பானு கொண்டு வருவாள். எனக்குக் காட்டுவதற்காக வேகமாக நடக்காதீர்கள், உடம்புக்கு ஆகாது. துடிப்பு இனி ஆஸ்பத்திரிக்குப் போகும். என் போனிலிருந்து உங்களை எடுத்துவிட்டேன்.

நான் திரும்பி வரவில்லை. கோபம் ஒன்றும் இல்லை, மாமா. முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஃபரீதா என்ற நர்ஸ்தான் அதைப் பார்த்துக்கொள்வாள். புதிதாக வேலைக்கு வந்த பெண். அதட்டாமல் பேசுங்கள்.

மாரிக்கனி