வாட்ச் நடந்த பழனி

சிங்காநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மிதுனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாரியம்மன் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கனடாவில் நீயும் குளிரைத் தாங்கிக்கொண்டு நலமாக இருப்பாய். உங்கப்பா நலமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

அப்பா பழனிக்கு நடந்தே போய்விட்டார் என்று சொந்தக்காரர் குரூப்பில் பெருமையாகப் போட்டாயே, நடந்தது நீ அனுப்பிய வாட்ச், உங்கப்பா இல்லை. பங்குனிக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு எல்லாரோடும் கிளம்பியவர், ஊர் தாண்டியதும் கால் வலிக்கிறது என்று சாமான் ஏற்றிய டெம்போவில் ஏறிவிட்டார். சும்மா ஏறினாரா, அடிக்கணக்கையும் நாடித் துடிப்பையும் நீ அங்கிருந்து போனில் பார்ப்பாய் என்று வாட்சைக் கழற்றி, வழியெல்லாம் உறுமி அடித்து ஆடிக்கொண்டு வந்த கதிர் கையில் கட்டிவிட்டார். கூடப் போன ஆறுச்சாமியின் சம்சாரம் தெய்வாத்தாள்தான் வந்து சொன்னாள், "ஏனுங்கக்கா, அண்ணன் டெம்போலயே தூங்கீட்டு வந்தாருங்க, தீர்த்தச் சொம்பு மட்டும் மடியில இருந்துச்சுங்க" என்று. அப்பாவுக்கு இளவட்டத்தின் இதயம் என்று எழுதினாய் பார், சரியாகத்தான் எழுதினாய். கதிருக்கு இருபத்து நான்கு வயசு.

தினமும் குளத்துக்கு வாக்கிங் போகிற லட்சணமும் இதுதான். வெள்ளை ஷூ, ஒரே மாதிரி பனியன் போட்ட ஒரு கூட்டம், பேக்கரி வரைக்கும் நடை. அங்கே தேங்காய் பன்னும் டீயும் வைத்துக்கொண்டு உடற்பயிற்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு. வேர்வை வந்து நான் பார்த்ததில்லை. நீ மட்டும் என்ன, ஜிம்முக்குப் போனால் கண்ணாடிக்கு முன்னால் போட்டோ எடுக்கிற ஆள்தானே.

இதோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். பழனிக்குக் கிளம்பும் முன்பே, சர்க்கரை மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் போல என்று நீ விளையாட்டாக எழுத, பையனே சொல்லிப்போட்டான் என்று அவர் மொத்தமாக நிறுத்திவிட்டார். பழனியில் நாலு படி ஏறியதும் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாராம், ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். உடம்பை ஏமாற்ற முடியாது, மாத்திரையோடு மூச்சு வாங்க நடந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவரோ வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், வெட்கம் கெட்ட மனுசன்.

மாத்திரையை நானே கையில் கொடுத்து விழுங்க வைக்கிறேன். நீ இனிமேல் எத்தனை தூரம் நடந்தார் என்று கேட்காதே. சாயங்காலம் கூப்பிட்டு, பேசிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறச் சொல். மூச்சு வாங்குவது உன் காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் சோபாவில் உட்கார்ந்து பொய் சொல்கிறார் என்று அர்த்தம்.

நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு. கூப்பிட மறக்காதே. வாய்க்கு வந்தபடி திட்ட எனக்கு இருப்பது இந்த ஒரு மனுசன்தான்.

உன் அம்மா,
ராமாமணி