வசந்திக்கென்று வைத்த மக்கரோனி

டிசம்பர் 3, செவ்வாய்

நான்காவது நாளும் மழை. நாவற்குடா மதில் வேலை அரைவாசியில் நிற்கிறது. மழைக்காலத்தில் மேசனுக்கு வீட்டுக் காவல்தான் தொழில். இடுப்பு வலி வேறு.

சமையலறையைத் துப்புரவாக்கினேன். குவைத்திலிருந்து மனைவி வசந்தி அனுப்பிய பெட்டிகளில் வந்த மக்கரோனியை எண்ணி அடுக்கினேன்:

குழாய் – 6 பக்கற்
வண்ணத்துப்பூச்சி – 3
நீளக் குச்சி – 4 (ஒன்று எலி கடித்தது)

அவள் அங்கே வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். ஒவ்வொரு பெட்டியிலும் இது தவறாமல் வரும். அவளுக்குப் பிடித்ததைத்தானே அனுப்புவாள். அதனால் மகள் தர்சிக்குப் பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு பக்கற். மற்றதெல்லாம் அவள் வரும்போது சேர்ந்து சாப்பிட. தைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அடிப்பெட்டியில் வண்டு. நிலத்தில் வைத்ததால் ஈரம் ஏறியிருக்கிறது. சிமெந்து மூட்டையைப் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான்.

டிசம்பர் 4, புதன்

மழை விட்டு விட்டு. பக்கற்றில் திகதி அரபு எழுத்தில். இரண்டை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். பலசரக்குக் கடைக்கார நானாவுக்கு அரபு வாசிக்கத் தெரியும்.

"இது போன மாசமே முடிஞ்சிட்டு தம்பி. மத்ததுக்கு இன்னும் ஒரு வருசம் இரிக்கி."

முடிந்ததை வீச வேண்டும் என்று நினைத்தேன். நானா இரண்டையும் திறந்து மணந்து பார்த்தார்.

"முடிஞ்சது நல்லாத்தான் இரிக்கி. மத்ததுதான் சவுக்கார மணம். சவுக்காரத்தோட ஒரே பெட்டியில வந்த போல. திகதிய மட்டும் பாக்காதீங்க. மணந்து பாருங்க, உடைச்சுப் பாருங்க. டக்கெண்டு உடையணும்."

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பக்கற்றையும் பிரித்து ஒவ்வொன்று உடைத்தேன். மூன்று பக்கற்றில் இருந்தவைதான் நன்றாக உடைந்தன. அவற்றைக் கட்டி மேல்தட்டில் வைத்தேன். நீளக் குச்சி சில, உடையாமல் வளைந்தே கொடுத்தன. தர்சி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீசியவை: எலி கடித்தது, சவுக்கார மணம் அடித்தது.

டிசம்பர் 6, வெள்ளி

வெயில்! விதைநெல்லுக்குச் செய்வதைத்தான் மிச்ச மக்கரோனிக்கும் செய்தேன். சுளகில் புடைத்து வண்டு எடுத்து, பாயில் பரப்பிக் காயவைத்தேன். பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வெள்ளைக்காரன்ட சாப்பாட்டில வத்தல் போடுறீங்களா?"

மூன்று மணிக்குத் திடீரென்று தூறல். அள்ளி அள்ளி டின்னில் கொட்டினேன். கை சுட்டது. வண்டு வராமல் மேலே வேப்பிலை ஒரு கொத்து, அப்போதுதான் முறித்தது. மூடியை இறுக்கிவிட்டேன். அப்பாடா.

டிசம்பர் 10, செவ்வாய்

டின்னைத் திறந்தேன். மூடியின் உட்புறம் தண்ணீர் முத்து முத்தாக. வேப்பிலை கறுத்து ஒட்டிக் கிடந்தது. உள்ளே வெள்ளையாய்ப் பூஞ்சணம். நனைந்த சாக்கு மணம்.

நெல்லை ஆறவிட்டுத்தான் கட்டுவோம். சின்ன வயதிலிருந்து தெரிந்த விடயம். தூறலைக் கண்டதும் புத்தி கெட்டுப்போனது. சூட்டோடு மூடியது ஒன்று, பச்சை வேப்பிலை இன்னொன்று.

"கழுவி அவிச்சா போகாதாப்பா?"

"போகாது மகள். கண்ணுக்குத் தெரியாமலும் பரவியிருக்கும்."

கோழிக்கும் போடவில்லை. வீட்டு வளவில் குழி வெட்டி மூடினேன். மேல்தட்டு மூன்றுதான் மிச்சம். வருகிறவளுக்கு மூன்று பக்கற். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, இதற்கெல்லாம் அழுவார்களா என்று கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மப்பு வானம். வசந்தி அழைத்தாள். நான் வாய் திறக்குமுன் தர்சி கொட்டிவிட்டாள்.

"அம்மா, உங்களுக்கெண்டு வைச்ச மக்கரோனியெல்லாம் பூஞ்சணம் பிடிச்சிட்டு!"

"எனக்கெண்டா? ஏன் எனக்கு?"

நான் போனை வாங்கி முற்றத்துக்கு வந்தேன். "நீ வந்து சாப்பிடத்தான்."

சிரித்தாள். நெடுநாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "ஐயோ, இஞ்ச நான் ஒவ்வொரு நாளும் அதைத்தானே அவிக்கிறன். அந்த மணம் வந்தாலே எனக்குக் குமட்டிச் சத்தி வருது. பிள்ளை ஆசையாத் திண்ணும் எண்டுதான் அனுப்பினன்."

மூன்று வருடம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருவரும் கேட்கவில்லை.

"சரி, வந்தா என்ன ஆக்கி வைக்க?"

அவள் சிரிப்பு நின்றது. பிறகு மெதுவாக: "இன்னொரு வருசத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டன். வீட்டுக்காரம்மா விடுறா இல்ல. தைக்கு வரமாட்டன். மிச்சத்தைப் பிள்ளைக்கு ஆக்கிக் குடுங்க. எனக்கெண்டு ஒண்டும் எடுத்து வைக்காதீங்க."

சரி என்றேன். கோபம்தான். அவளும் என்ன செய்வாள். களைப்பாக இருக்கிறது.

தர்சிக்குச் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை.

டிசம்பர் 14, சனி

தூறல். ஒரு பக்கற் அவித்தேன். வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு முட்டை. உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. தர்சி இரண்டு கோப்பை சாப்பிட்டாள்.

"நல்லாரிக்குப்பா. மத்த ரெண்டையும் அம்மா வரும் மட்டும் வைப்பமா?"

"இல்ல மகள். நாளைக்கும் இதையே ஆக்குவம்."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.