ஜெர்பாத் தீவின் மூடியில்லாப் பானை

அண்ணை,

இன்று காலை கடையில் ஒலிவ் எண்ணெய்த் தகரம் ஒன்று விழுந்து ஒழுகிவிட்டது. டென்மார்க்கின் இந்த ஹேர்னிங் குளிரிலும் கதவைத் திறந்து வைத்தேன், வாசம் போகவில்லை. துடைக்கப் போனவன் அப்படியே குந்திவிட்டேன். துனிசியாவின் ஜெர்பாத் தீவில், நிலத்துக்குக் கீழே குடைந்த பழைய செக்குக்குள் நாங்கள் இருவரும் குனிந்து இறங்கியபோது வந்த அதே வாசம்.

ஒரே துணித் தொழிற்சாலையில் தொடங்கினவர்கள் நாங்கள். நீங்கள் ஓய்வு பெற்று ஊர் சுற்றினீர்கள். நான் பலசரக்குக் கடை ஒன்றைத் திறந்து அதற்குள் புகுந்தேன். டிக்கெட்டை எடுத்துவிட்டு வந்து நீங்கள் இழுத்துப் போன அந்த ஒரு பயணம்தான் எனக்கு. போயும் தீவைப் பார்த்தேனா? குயவர் கிராமத்தில் சட்டி விலை விசாரித்தேன். பாதி மண்ணுக்குள் புதைந்த வெள்ளைப் பள்ளிவாசல் வாசலில் நின்று மனுசிக்கு ஃபோன் போட்டு, "மரக்கறி லொறி வந்திட்டுதோ?" என்றேன்.

இந்தத் தீவு ஆட்கள் தலைமுறையாக வெளியூர் போய்ப் பலசரக்குக் கடை வைப்பவர்கள் என்று வழிகாட்டி சொன்னதும், "கேட்டியே தம்பி, உன்ர சொந்தக்காரர்!" என்று முதுகில் தட்டினீர்கள்.

துறைமுகத்தில் மண்பானைகளைக் கயிற்றில் கட்டிக் குவித்திருந்தார்கள். எட்டுக் கைப் பேய்க்கணவாய் பிடிக்கவாம். இரையில்லை, மூடியில்லை. வீடென்று நினைத்து அதுவாகவே உள்ளே போய் இருந்துவிடும். கயிற்றை இழுத்தால் வெளியே பாயாது. இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நீங்கள் பானையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள்.

"என்ன பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. மனுசிக்கு ஃபோன் எடுக்கேல்லையோ?"

கோபத்தில் உங்களை விட்டுவிட்டு ஹோட்டலுக்கு விறுவிறென்று நடந்தேன்.

நீங்கள் காலமாகிப் போனபிறகு என் முழங்காலும் போய்விட்டது. கடையை விற்கச் சொல்லி மகள் டெனிஷில் சண்டை பிடிக்கிறாள். "வீட்டுக்கு வாங்கோ அப்பா" என்பது மட்டும் தமிழில் வரும். பிரெடெரிசியா நகரில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் வாங்கக் கேட்டு வந்தார். வந்தபோதெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லி அனுப்பினேன். விலை பேசத் தெரியாதவனா நான்? விட மனமில்லை, அவ்வளவுதான்.

இன்று தரையைத் துடைத்து முடித்ததும் நானே அவரை அழைத்தேன். "வாங்கோ, தாறன்." பின்னேரமே வந்தார். கை குலுக்கினோம். குலுக்கிய கையை விடாமலே கேட்டேன்: "காலமையில மட்டும் வந்து நிக்கட்டோ? சும்மா, மரக்கறி அடுக்கித் தாறன்."

அவர் சிரித்துவிட்டார். "அதுக்கென்ன அண்ணை, கடைத் திறப்பு ஒண்டை நீங்களே வைச்சிருங்கோ."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கை முந்திவிட்டது. இதை எழுதும்போதும் அந்தச் சாவி என் சட்டைப் பைக்குள் கிடக்கிறது. நீங்கள் இருந்தால் பறித்துக்கொண்டு போயிருப்பீர்கள். இனி ஆர் அண்ணை பறிக்கிறது?