செவ்வாய்க்கிழமை காலியாகாத கட்டில்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை.

என் செல்ல மதுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சௌக்கியம், வயிற்றில் போட்ட தையலும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். ஆனாலும் அதைக் கேட்காமல் ஆரம்பித்தால் கடிதமே ஆகாது என்பதால் கேட்கிறேன், சௌக்கியமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசாமல் இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் நீ "சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிடுவாய், இந்தப் பக்கம் அப்பா "ஜானு, தையல், தையல்" என்று போனைப் பிடுங்கிக்கொள்வார். காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது. அடுத்த தெரு கிரீஷ் இங்கிலாந்துக்கு, உன் லீட்ஸுக்கே படிக்கக் கிளம்புகிறான், அவன் பெட்டியில் ரசப்பொடியோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். கடைசி வரை படி.

முதல் கோபம் உன் மேல்தான். டாக்டர் பட்டத்துக்குப் படிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாமே. அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினாயாம். உன் அப்பாவிடம் ரகசியம் சொல்வதும் கபாலி கோவில் வாசலில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். அன்று காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாரே தவிர குடிக்கவில்லை. "ஏன்னா, என்ன ஆச்சு" என்று ஒரே ஒரு தரம்தான் கேட்டேன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அம்மா ஆபரேஷனுக்குக் கிடந்தபோது பக்கத்தில் இல்லாமல், யாரோ நோயாளிகள் எப்போது வீட்டுக்குப் போனார்கள் என்று கம்ப்யூட்டரில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, இதெல்லாம் ஒரு படிப்பா என்று அழுதாயாம். போதாததற்கு உன் புரொபசர் உன் கணக்கில் ஒரு பகுதியை நம்ப மாட்டேன் என்கிறாராம். போன வருஷம் நீ சென்னை ஆஸ்பத்திரிகளில் சேகரித்துக்கொண்டு போன விவரத்தில், பில்லைக் கட்டி எல்லாம் முடிந்த பிறகும் சில பேர் கட்டிலைக் காலி செய்யாமல் வெகுநேரம் இருந்திருக்கிறார்களாம். ஒரு நாள் காலையில், ஒரு நாள் உச்சி வேளையில், ஒரு நாள் சாயங்காலம், ஒரு ஒழுங்கே இல்லையாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பாகக் குறித்திருப்பார்கள், அந்தப் பகுதியையே தூக்கிப் போடு என்று அவர் சொல்ல, நீயும் தலையாட்டிவிட்டு, கூடவே படிப்பையும் தூக்கிப் போடப் பார்க்கிறாய். நன்றாக இருக்கிறது உன் நியாயம்!

இரண்டாவது கோபம் உன் அம்பி மாமா மேல். கூடப் பிறந்த அக்காவைப் பார்க்க வந்தவன் ஆப்பிள் பையை வைத்துவிட்டுச் சும்மா போக வேண்டியதுதானே. "மது டாக்டராகி என்னக்கா பிரயோஜனம், ஒரு ஊசி போடத் தெரியுமா அவளுக்கு" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். ஏண்டா, இத்தனை வருஷம் பேங்க் மேனேஜராக இருந்தாயே, உனக்கு நோட்டு அடிக்கத் தெரியுமா என்று கேட்டேன். அவன் கொண்டுவந்த ஆப்பிளை அவனே நறுக்கித் தின்றான். நானும் ஒரு காலத்தில் உன் படிப்பைக் கேட்டுச் சிரித்தவள்தான். காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நோயாளி ஏன் சாயங்காலம்தான் போகிறான், இதை ஆராய்ச்சி செய்கிறேன் என்றாய். இதற்கு லீட்ஸ் வரைக்கும் போக வேண்டுமா, சோம்பேறித்தனம் என்று நானே சொல்லியிருப்பேனே என்றேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன், அது ஏன் என்றுதான் எழுத வருகிறேன்.

அந்த அடையாறு ஆஸ்பத்திரியின் பேரை எழுதப் போவதில்லை, எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். பித்தப்பையை நன்றாகத்தான் எடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன், தங்கமான டாக்டர். செவ்வாய்க்கிழமை காலையில் சிரித்துக்கொண்டே வந்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், "இன்னிக்கு வீட்டுக்குப் போலாம் மேடம்" என்றார். நான் உடனே அந்தப் பச்சை அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புடவை கட்டி, பொட்டு வைத்து, கட்டில் ஓரத்தில் தயாராக உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், உட்கார்ந்துகொண்டே இருந்தேன். மிச்ச மருந்தை மருந்துக்கடை திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம், அந்தப் பையன் சாப்பிடப் போய்விட்டானாம். இன்ஷூரன்ஸ்காரன் மும்பையிலிருந்து சரி என்று மெயில் போட வேண்டுமாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ரிப்போர்ட்டை ஒருவழியாகக் கொண்டுவந்தார்கள், அதில் என் பெயர் ஜானகிராமன், ஆண் என்று அடித்திருக்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார் பார், அந்த மனுஷனை என்ன செய்வது. திருத்தி வர மறுபடியும் கீழே போயிற்று. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மத்தியானம் பக்கத்துக் கட்டில்களுக்கு எல்லாம் சாப்பாடு வந்தது, எனக்கு வரவில்லை. கேட்டால் சமையல்கட்டுக் கம்ப்யூட்டரில் நான் காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டேனாம்! பில் போடுகிற கம்ப்யூட்டரில் இன்னும் போகவில்லையாம்! ஒரே ஆஸ்பத்திரியில் நான் ஒரு மாடியில் இருக்கிறேன், இன்னொரு மாடியில் இல்லை. அப்பா கேன்டீனில் தயிர்சாதம் வாங்கிவந்து கொடுத்தார், புளித்துக் கிடந்தது. கையில் குத்தின ஊசியைக்கூட எடுக்காமல், பசியோடு, நாள் பூராவும் ஒரு ஆள் இப்படி உட்கார வேண்டுமா சொல்.

எல்லாம் முடிந்து, டை கட்டின ஒரு பையன் வந்தான். சித்தார்த்தன் என்று பேர், அந்த மாடிக்கு அவன்தான் அதிகாரியாம். "ரெடி மேடம், கிளம்பலாம், உங்க பெட்டுக்கு ஆள் வெயிட்டிங்" என்றான். சக்கர நாற்காலியோடு ஆயா வேலம்மாவும் வந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி மூன்று. செவ்வாய்க்கிழமை. ராகுகாலம் ஆரம்பம். வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள் ராகுகாலத்தில் கிளம்புவேனா? முடியாது என்றேன். அவன் ஏதோ சொன்னான், நான் விடவில்லை. காலையிலிருந்து உங்களுக்காக நான் காத்திருந்தேனே, எனக்காக நீங்கள் நாலரை மணி வரைக்கும் காத்திருக்க மாட்டீர்களா என்று கேட்டேன். வேலம்மா என் பக்கம்தான் பேசினாள். "அவங்க சொல்றது கரீட்டு சார், இன்னாத்துக்கு அவசரப்பட்றீங்க, இந்த மாடில முக்காவாசிப் பேரு அப்டிதான, நேரம் பாத்துகினுதான போறாங்க" என்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜெயித்த திருப்தியில் படுத்தேன். கொஞ்சம் தூங்கவும் தூங்கினேன், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நாலரைக்கு மேல் வேலம்மா என்னைத் தள்ளிக்கொண்டு கீழே வந்தாள். அவசர சிகிச்சைப் பிரிவு வழியாகத்தான் வாசலுக்கு வர வேண்டும். அங்கே நடைபாதையில், சுவரோரம் ஒரு ஸ்ட்ரெச்சரில் ஒரு சின்னப் பெண் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், மாட்டக் கம்பி இல்லையாம். கை வலித்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். வேலம்மா குனிந்து என் காதில், "இந்தப் பொண்ணுக்குத்தாம்மா ஒங்க பெட்டு. சைதாப்பேட்டை. மத்தியானத்துலர்ந்து இங்கியே படுத்துகினு கீது" என்றாள். நாற்காலியை நிறுத்தச் சொல்லி உன் பேர் என்னம்மா என்று கேட்டேன். ஜஹீதா என்றாள். அவளுக்கும் பித்தப்பைக் கல்தானாம், வலியில் உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அவள் என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு சரியாயிருச்சாம்மா? வீட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்க வேறு செய்தாள், மது.

வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன். அப்புறம் அப்பாவோடு பிடித்தேன் பார் ஒரு சண்டை! கீழே ஒரு பெண் துடிக்கிறாள் என்று ஏன் ஒருத்தர்கூட என்னிடம் சொல்லவில்லை? அந்த டை கட்டின பையன் பெட், பெட் என்றானே தவிர, ஒரு பெண் என்று சொன்னானா? சொல்லியிருந்தால் ராகுவாவது கேதுவாவது, எழுந்து நடந்தே போயிருப்பேன். அப்படியே நேரம் பார்க்கத்தான் வேண்டும் என்றாலும், வாசல்படி தாண்டினால்தானே கிளம்பினதாகக் கணக்கு? வாசலுக்கு உள்பக்கம் நாலு நாற்காலி போட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, நல்ல நேரம் வருகிறவரை இங்கே உட்காருங்கள் மாமி என்று சொன்னால் நான் மாட்டேன் என்றா சொல்வேன்? இது அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! டாக்டருக்குத் தோன்றாது, அவருக்கு வயிறுதான் தெரியும். வேலம்மா சொன்னால் யார் கேட்பார்கள்? அந்த டை கட்டின பையனுக்கு அதிகாரம் இருக்கிறது, யோசனை இல்லை. இதற்கென்று படித்து, இதற்கென்று உட்கார்ந்து யோசிக்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளைத்தான் நான் பெற்று லீட்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன், அவளோ எனக்குக் கஞ்சி வைக்க வருகிறாளாம்! கஞ்சியை உன் அப்பா வைப்பார், உப்புதான் கூடக்குறைய இருக்கும்.

இப்போது உன் புரொபசருக்கு வருகிறேன். ஒழுங்கே இல்லை என்றாராமே அவர்? பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு தினசரி காலண்டர் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார். ராகுகாலம் திங்கட்கிழமை காலை, புதன்கிழமை உச்சி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தினம் ஒரு நேரம், ஒவ்வொரு தாளிலும் அச்சடித்தே இருக்கிறது. உன் கணக்கில் கட்டில் காலியாகாத நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பார். ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பாகக் குறிக்கவில்லை. பில்லைக் கட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது என்னைப் போன்றவர்கள். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த உனக்கே இது தோன்றவில்லை என்றால் அவருக்கு எங்கிருந்து தோன்றும்! அதைத் தூக்கிப் போட்டால் என்னைத் தூக்கிப் போட்ட மாதிரி, அதுகூடப் போகட்டும், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பையனையும் அவளையும் சேர்த்துத் தூக்கிப் போட்ட மாதிரி. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நீ வர வேண்டாம். முடித்துவிட்டு வா.

ஜஹீதாவுக்குப் புதன்கிழமை ஆபரேஷன் ஆகி நன்றாக இருக்கிறாள் என்று வேலம்மாவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாளைக்கு அப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவார், அம்பி வாங்கிவந்த ஆப்பிளில் மீதியை அவளுக்குக் கொடுத்தனுப்புகிறேன், அதுவாவது உருப்படியான இடத்துக்குப் போகட்டும். அங்கே குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. ரசப்பொடி டப்பாவில் ஈர ஸ்பூன் போடாதே. கற்பகாம்பாள் உன்னை நோய்நொடி இல்லாமல், அழுகை இல்லாமல் வைக்கட்டும்.

உன் ஆராய்ச்சியில் என்னைத் தாராளமாக எழுதிக்கொள். மயிலாப்பூரில் ஒருத்தி, கீழே ஒரு பெண் வலியில் கிடக்க, ராகுகாலம் என்று கட்டிலை விட்டு இறங்கவில்லை, தூங்கவும் செய்தாள் என்று உள்ளதை உள்ளபடி எழுது. பேர் போடாதே என்று முதலில் எழுதி அடித்திருக்கிறேன், பார். போட்டுக்கொள். முழுப் பேரும் கீழே இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி மாதிரி ஜானகிராமன் என்று போட்டுவிடாதே, செய்தது நான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஜானகி பரத்வாஜ்.