தடை என்றதும் சவுக்காரம் வாங்கியவருக்கு

அன்புள்ள அண்ணை,

இன்று காலை முகம் கழுவுவதற்குப் புதுச் சவுக்காரக் கட்டி ஒன்றைப் பிரித்தேன். சந்தன வாசம் குளியலறை முழுக்கப் பரவியது. உங்கள் அலுமாரியில் இருந்து வந்த கட்டி அது. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அடுத்த கிழமை உங்கள் மகள் ஒரு பெரிய பை நிறையக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் வைத்தாள். சவுக்காரம், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பற்றரி. "அங்கிள், இதெல்லாத்தையும் எனக்குப் பாவிச்சு முடிக்க ஏலாது. எறியவும் மனம் வருகுதில்லை" என்றாள். இதை வைத்து ஒரு சின்னக் கடையே போடலாம் என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பை எப்படி நிறைந்தது என்று எனக்குத் தெரியும். வடகொரியா இன்னொரு ஏவுகணையை விட்டுப் பார்த்திருக்கிறது, அணுகுண்டை அதன் தலையில் வைக்கும் வேலையும் நடக்கிறது, மற்ற நாடுகள் கூடித் தடையை இன்னும் இறுக்கப் பார்க்கின்றன என்று தமிழ் ரேடியோ சொன்னால் போதும். நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள். எங்கேயோ ஒரு நாட்டுக்குத் தடை வரும். இங்கே லண்டன் நோர்பரியில் நீங்கள் சவுக்காரம் வாங்கிக்கொண்டு நிற்பீர்கள். "என்ன அண்ணை, வீட்டிலை விசேஷமோ?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார். "இல்லை, செய்தி கேட்டனான்" என்றீர்கள். அவரும் யாழ்ப்பாணத்துக்குச் சவுக்காரமும் பற்றரியும் போகாமல் அரசாங்கம் மறித்த அந்தப் பொருளாதாரத் தடை வருஷங்களைக் கண்டவர்தான். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சாமான்களைப் பையில் போட்டார்.

நான் விடுவேனா? வழி முழுக்கப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தேன். நீங்கள் கோபிக்கவில்லை.

"உது எங்களுக்கில்லை எண்டு எனக்கு நல்லாத் தெரியும், ஐசே. காலுக்குத்தான் தெரியேல்லை."

நாம் இருவரும் பழகியது ஒரு பெற்றோல் ஸ்டேசனில். இந்த ஊருக்கு வந்த புதிதில் நம்மவர்கள் பாதிப்பேர் நின்ற வேலைதானே. யாராவது குழாயைச் சரியாக மாட்டாமல் கொஞ்சம் பெற்றோல் நிலத்தில் சிந்தினால் கண்ணாடிக்கு உள்ளே இருந்தபடியே உங்கள் முகம் சுருங்கும். ஊரில் நீங்கள் கூட்டுறவுச் சங்கக்கடைப் பொறுப்பாளர். மண்ணெண்ணெய் வராத காலத்தில், வந்த கொஞ்சத்தைக் ஒரு குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று சின்னக் குவளையால் அளந்து கொடுத்தவர். "மருந்து மாதிரி ஊத்தினவனை எங்கை கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறாங்கள் பாரும்" என்பீர்கள். அப்போது அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் உங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசைதான் நமது பாராளுமன்றம். அங்கே வடகொரியா வராத கிழமை குறைவு. நான் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்ற கட்சி. ஒருவன் தன் சனத்தைப் பட்டினி போட்டுவிட்டுக் குண்டு செய்கிறான், பக்கத்து நாட்டுக்காரன் தூக்கத்தில் இருந்து எழும்பி வானத்தைப் பார்க்கிறான், அவனுக்குப் பூமாலையா போடுவது என்று கேட்பேன். நீங்கள் தேத்தண்ணியைப் பொறுமையாக ஆற்றிக்கொண்டு இருப்பீர்கள்.

"குண்டு கூடாது எண்டதிலை எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனா குண்டு செய்யிறவன்ரை வீட்டிலை எப்பவாவது சீனி முடிஞ்சு போச்சு எண்டு நீர் கேள்விப்பட்டனீரோ?"

"அப்ப கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டோ?"

"குண்டுக்குப் போற சாமானை மறிக்கட்டும். அவன்ரை காசை மறிக்கட்டும். சனத்துக்குப் போறதை மறிக்க முன்னம் ஆளை அனுப்பிப் பாக்கட்டும். அவன் எவ்வளவு பிடிவாதமா இருந்தாலும் ஒரு கதவைத் திறந்து வைச்சுக் கதைக்கட்டும்."

"எங்கடை பேச்சுவார்த்தையள் எல்லாத்தையும் பாத்த நீங்களோ இதைச் சொல்லுறது?"

"ஓம், பாத்தபடியாத்தான் சொல்லுறன். கதைச்சுக்கொண்டிருந்த மாதங்களிலை கொஞ்சச் சனமாவது சாகாமல் இருந்தது."

 பதில் இல்லாத இடத்தில் குரலை உயர்த்துவது என் பழக்கம். இந்த நாடும் தன் குண்டுகளைக் கடலுக்கு அடியில் நீர்மூழ்கியில் கொண்டு திரிகிறது என்று நீங்கள் ஞாபகப்படுத்துவீர்கள். அது வேறு கதை என்பேன். உங்களுக்கு அது வேறு கதையாகப் படவில்லை.

அப்படி ஒரு நாள் நான் பெரிய நியாயவாதி போல, "மருந்துக்கு ஒருத்தரும் தடை போடுறேல்லை, அண்ணை. அது எப்பவும் விதிவிலக்கு" என்றேன். நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். அவ்வளவு கால நட்பில் அன்றைக்குத்தான் உங்கள் மனைவி எப்படிப் போனார் என்று குரலைத் தாழ்த்தி எனக்குச் சொன்னீர்கள்.

மகள் அப்போது கைக்குழந்தை. இரண்டாவது பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை, தாய்க்குக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் இருந்தார், ஊசி மருந்து இருக்கவில்லை; வீட்டுக்கே கொண்டுவந்து பாயில் கிடத்தினீர்கள். மருந்து ஏற்றிய லொறி இராணுவச் சோதனைச் சாவடியில் நின்றது. நீங்களும் இன்னும் சிலரும் சைக்கிளில் போய்க் கெஞ்சினீர்கள். "ஆஸ்பத்திரிக்கு எண்டு சொல்லித்தான் எல்லாரும் கொண்டுபோறாங்கள்" என்று அங்கே நின்ற அதிகாரி சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னார்களாம். பின்னேரம் வீட்டுக்குத் திரும்பி, ரேடியோவுக்குப் பற்றரி இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டீர்கள். வடக்குக்கு மருந்து தடையின்றிப் போகிறது, தட்டுப்பாடு எதுவும் இல்லை என்று செய்தி சொன்னது. பாயில் கிடந்த உங்கள் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தார்.

"அப்ப எனக்குச் சுகம்தானேயப்பா" என்றாராம். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். அதற்காகவே உங்களை நான் கும்பிட வேண்டும். "அந்த அதிகாரி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ரேடியோவுக்கு எண்டு வந்த பற்றரி இயக்கத்துக்குக் குண்டு செய்யவும் போனதுதான். சங்கக்கடையிலை இருந்தவனுக்குத் தெரியாதோ. ஆனா அவன் ஒருக்கா லொறிக்குள்ளை ஏறிப் பாத்திருக்கலாம்." மகளுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றீர்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது என்ற அளவோடு அவள் வளர்ந்துவிட்டாள், அது போதும் என்றீர்கள். நான் வாக்குக் கொடுத்தேன்.

அந்த மகளை நீங்கள் தனியாக வளர்த்த விதத்தை இந்த ஊரே பார்த்தது. தலை பின்னப் பழகினீர்கள். ஷிப்டை மாற்றி மாற்றிப் பள்ளிக்கூட வாசலில் நின்றீர்கள். அவள் படித்து லண்டன் சிட்டியில் பெரிய கட்டடம் ஒன்றில் வேலைக்குப் போனபோது, "பிள்ளை கப்பல் கொம்பனியிலை" என்று கோயிலில் கண்டவர் காணாதவர் எல்லோருக்கும் சொன்னீர்கள். அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தேத்தண்ணியோடு நின்று, அன்றைக்கு வேலையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அவள் ஆங்கிலமும் தமிழுமாக அள்ளிக்கொட்டுவாள். விளங்கியதோ இல்லையோ, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாம் மாறிப்போன அந்தச் சனிக்கிழமையும் நான் அங்கே இருந்தேன். அவள் மீன் கட்லட் பொரித்துக்கொண்டு நின்றாள். டீவியில் மறுபடி ஏவுகணை, மறுபடி தடை. "அங்கிள், நான் என்ன வேலை செய்யிறன் எண்டு அப்பாவுக்கு இன்னும் விளங்கேல்லை. கப்பலிலை வேலை எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறார்" என்று சிரித்தாள். பிறகு விளக்கினாள். கப்பல்களுக்குக் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், கொடுக்கும் கொம்பனி அது. ஏற்றும் சாமான் தடைக்குள் வருகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. சந்தேகம் வந்தால் காப்புறுதி இல்லை. காப்புறுதி இல்லாத கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடாது.

"இந்த நியூஸிலை சொல்லுறது இருக்கெல்லோ அப்பா, அதுதான் என்ரை வேலை. போன மாதம் அங்கை போற சாமான் ஒண்டை மறிச்சனான்."

நீங்கள் டீவியின் சத்தத்தைக் குறைத்தீர்கள். "என்ன சாமான்?"

"பம்ப், மோட்டர், அப்பிடி."

"ஆருக்கு?"

"ஒரு ஆஸ்பத்திரிக்கு எண்டு இருந்தது. ஆனா அப்பா, எல்லாரும் அப்பிடிச் சொல்லித்தான் அனுப்புவினம். அந்த மோட்டரைக் கழட்டி எதுக்கும் பாவிக்கலாம். பாஸ் என்னைப் பாராட்டினவர்."

அவள் அதைப் பெருமையோடுதான் சொன்னாள். சரியான வேலையைச் சரியாகச் செய்த பிள்ளையின் பெருமை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் மறித்திருப்பேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் நான் கட்லட்டைத் தட்டில் வைத்துவிட்டேன். நீங்கள் எழும்பித் தோட்டப் பக்கம் போனீர்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நீங்கள் அவளிடம் அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. சாப்பாடு வைத்தாள், சாப்பிட்டீர்கள். மருந்து எடுத்துத் தந்தாள், விழுங்கினீர்கள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், அவ்வளவுதான். அவள் எனக்குப் போன் எடுத்தாள். "அப்பாவுக்கு என்னிலை என்ன கோவம், அங்கிள்? நான் கேட்டா ஒண்டுமில்லை எண்டுறார்." நான் உங்களிடம் வந்து, சொல்லிவிடுங்கோ அண்ணை, பிள்ளை உருகுது என்றேன். "எப்பிடிச் சொல்லுறது? நீ மறிச்சது உன்ரை அம்மாவைத்தான் எண்டு சொல்லுறதோ? அவளுக்கு அது எப்பிடிக் கிடக்கும்?" என்றீர்கள். உங்கள் கோபம் அவள் மேல் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தீர்கள்.

பிறகு உங்கள் இதயம் பழுதாகிக் குரோய்டன் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். கையில் ஊசி, தலைமாட்டில் ஒரு மருந்துப் பம்ப் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மகள் எனக்குத் தேத்தண்ணி வாங்கக் கீழே போன நேரம், என் கையைப் பிடித்தீர்கள்.

"அவளுக்கு எல்லாத்தையும் சொல்லும். தாயின்ரை கதையையும் சொல்லும். அந்த வேலையை விட வேண்டாம் எண்டு சொல்லும். அந்தக் கதிரையிலை ஆரோ ஒருத்தர் இருக்கத்தானே போகினம். என்ரை பிள்ளை இருந்தா லொறிக்குள்ளை ஏறிப் பாப்பாள்."

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை. இப்ப வந்திடுவாள்."

"ஏலாது. அவளின்ரை முகத்தைப் பாத்தா அழுதிடுவன்."

அவள் தேத்தண்ணியோடு வந்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நித்திரை என்று அவள் நினைத்தாள். போர்வையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். அந்தக் கிழமை முடிய முன்னமே நீங்கள் போய்விட்டீர்கள்.

எல்லாக் காரியங்களும் முடிந்த பிறகு, உங்கள் அதே குசினி மேசையில் அவளை இருத்தி ஒன்றும் விடாமல் சொன்னேன். லொறியைச் சொன்னேன். ரேடியோவைச் சொன்னேன். தாய் சிரித்ததைச் சொன்னேன். கடைசியாக, வேலையை விட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன்.  அந்தக் கப்பல் சாமானை மறுபடி எடுத்துப் பார்க்க முடியுமா என்று வேலையில் கேட்பேன், அந்த ஆஸ்பத்திரியில் யாராவது நேரில் போய்ப் பார்த்தார்களா என்றும் கேட்பேன் என்றாள். அது நடக்குமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வடகொரியாவோடை எல்லாரும் கதைக்க வேணும், எவ்வளவு பிடிவாதமெண்டாலும் கதவைத் திறந்து வைக்க வேணும் எண்டு அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களோடை கத்தினவர். மேலை அறையிலை இருந்து எனக்குக் கேக்கிறது. நான் அதே வீட்டிலைதானே அங்கிள் இருந்தனான். என்னோடை கதைக்கிறதுக்கு என்ன?"

அண்ணை, நான் வாயாடி என்பது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் எத்தனையோ நியாயம் பேசியவன். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நீங்கள் தந்த செய்தியை ஒரு எழுத்தும் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அவளும் அதை வாங்கிக்கொண்டாள். உங்கள் வாயால் கேட்க வேண்டியதை என் வாயால் கேட்டபோது அவள் முகம் இருந்த இருப்பைத்தான் என் மனதில் இருந்து இறக்கி வைக்க முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். நீங்களோ இல்லை.