வலது பின் சக்கரத்துக் கட்டை

1959 ஜூலை 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மூடுபனியில் தேயிலை ஸ்டோரின் கூரை தெரியவில்லை. கொழுந்து வாட்டுகிற வாசம் மட்டும் வருகிறது. வாசம் வரும் பக்கமாக நடந்தால் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்த டயறி தலவாக்கலை நானா கடையில் வருஷப் பிறப்புக்குச் சும்மா கொடுத்தது. ஆறு மாதமாகத் தகரப்பெட்டியில் கிடந்தது. இன்று எழுத விஷயம் வந்துவிட்டது. தோட்டத்துத் துரை கூப்பிட்டுச் சொன்னார். லொறி டிரைவர் மரியான் அண்ணன் மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போகிறார். அதற்குள் நான் லைசன் எடுத்தால் டிரைவர் வேலை எனக்கு. இல்லையென்றால் ஹட்டனிலிருந்து ஆள் வரும். நான் கிளீனராகவே கிடக்க வேண்டியதுதான்.

டிரைவர் வேலையோடு டிரைவர் வீடு. ஸ்டோருக்குப் பின்னால், தனியாக. அந்த வீட்டில் ஒரு ஜன்னல் உண்டு.

சாயந்திரம் பாக்கியத்திடம் சொன்னேன். பெண்டாட்டி பேரை முழுதாக எழுத வெட்கமாயிருக்கிறது, இனிமேல் பா. என்றே எழுதுவேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். லயத்து வரிசையில் எங்கள் ஒற்றைக் காம்பராவுக்கு வாசல் ஒன்றுதான். புகையும் அதில்தான் வெளியே போகணும், நாங்களும் அதில்தான். மழைக்குக் கதவைச் சாத்தினால் பா. இருமி இருமிக் கண் சிவந்துவிடுவாள்.

“ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குதுங்க?” என்றாள். வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தெரியவில்லை. எத்தனையோ தரம் அந்த வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறேன். நாளைக்குப் பார்க்கணும்.

ஜூலை 8, புதன்

கிழக்கே பார்க்கிறது. நாலாம் நம்பர் மலை முழுக்கத் தெரியும். பா. கொழுந்து பறிக்கிற மலை. சொன்னதும் சிரித்தாள். “அங்கேயும் அதையே பாக்கணுமா?”

நாளை நுவரெலியாவில் டெஸ்ட். கொண்டுபோக வேண்டியது: எல் போர்டு. வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டாயிற்று. கண்ணாடி துடைக்கப் பழந்துணி. ரொட்டி, சம்பல். கட்டை.

கட்டையை எழுதத் தேவையில்லை, அது என் கையோடு பிறந்தது. கொய்யா மரத்துண்டு. ஆப்பு மாதிரிச் செதுக்கி, தலையில் கயிறு கோத்தது. எங்கள் லொறிக்கு ஹேன்ட் பிரேக் பேருக்குத்தான். மேட்டில் நின்றால் நான் பின்னாலிருந்து குதிக்கணும், வலது பின் சக்கரத்துக்குக் கட்டை போடணும், கையைத் தூக்கி “போட்டாச்சு!” என்று கத்தணும். வலது பக்கம் எதற்கென்றால், டிரைவருக்குக் கண்ணாடியில் தெரியவேண்டும். அந்தச் சின்னக் கண்ணாடியில் என் கையைப் பார்த்த பிறகுதான் மரியான் அண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். லொறி ஏறத் தொடங்கியதும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி ஏறணும்.

என் பேர் முத்து. அண்ணன் கூப்பிடுவது “டேய் கட்டை”.

ஓட்டக் கற்றது லொறி கழுவுகிற ஞாயிற்றுக்கிழமைகளில். ஆற்றுக்கு இறக்குவேன், ஏற்றுவேன். துரை சொன்ன பிறகு அண்ணன் எல் போர்டு கட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லித் தரமாட்டார். தப்புச் செய்தால் நாக்கால் ‘ச்சு’ என்பார். அவ்வளவே பாடம்.

நேற்றும் அடிக்கடி வருகிற அந்தக் கனவு. பனிக்குள் லொறி சத்தமில்லாமல் போகிறது. ஸ்டியரிங்கில் யாருமில்லை. கட்டையோடு பின்னால் ஓடுகிறேன். ரோடு முடிந்த பிறகும் லொறி போகிறது, தேயிலைச் செடிகளுக்கு மேலே, ஒரு இலை அசையாமல். எனக்குப் பயமே இல்லை. காலையில் கால் வலித்தது.

ஜூலை 9, வியாழன்

பெயில்.

ஜூலை 10, வெள்ளி

நேற்று எழுத மனமில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நுவரெலியாவில் மழையில்லை. வாவிக்கு மேல் வெள்ளையாகப் பனி, தண்ணீர் எது பனி எது என்று தெரியவில்லை. அண்ணன் லொறியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். டெஸ்டுக்காகத் தலவாக்கலை கராஜில் ஹேன்ட் பிரேக்கை இறுக்கியிருந்தது. கல் மாதிரிப் பிடித்தது.

டெஸ்ட் எடுக்கிறவர் சிங்களவர், வயதானவர், கழுத்தில் மப்ளர். அதட்டவில்லை. டவுனுக்குள் ஓட்டினேன், கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினேன், ரிவர்ஸ் எடுத்தேன். எல்லாம் நல்லபடி. இறம்பொடைப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு ஏற்றம். பாதியில் “நவத்தன்ன” என்றார். நிறுத்தினேன். ஹேன்ட் பிரேக் போட்டேன்.

பிறகு என்ன செய்தேன் என்பது என் காலுக்கும் கைக்கும்தான் தெரியும். எனக்கு ஞாபகம் வரும்போது பின் சக்கரத்துக்கு அருகே குந்தியிருக்கிறேன். கட்டையை சீட்டுக்கு அடியிலிருந்து எப்போது எடுத்தேன்? கையைத் தூக்கி “போட்டாச்சு!” என்று வேறு கத்தியாயிற்று. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் ஸ்டியரிங் மட்டும் தெரிகிறது. சீட்டில் ஆளில்லை. எனக்கு அப்போதுகூட விளங்கவில்லை. அண்ணன் எங்கே போனார் என்றுதான் நினைத்தேன்.

மற்றப் பக்க ஜன்னலில் மப்ளர் தலை வெளியே வந்தது. “கொஹெத யன்னே?”

எங்கே போகிறாய் என்று கேட்கிறார். கட்டையோடு நின்றேன். அவர் கோபப்படவில்லை. ஏறச் சொன்னார். டிரைவர் இறங்கினால் லொறிக்கு யார், இன்னும் இரண்டு கிழமை கழித்து வா, என்றார் பாதித் தமிழில்.

திரும்பி வரும்போது அண்ணன் ஓட்டினார். விஷயத்தைக் கேட்டதும் ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பா. சிரிக்கவில்லை. “நீங்க எறங்காம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்” என்றாள். ரொட்டி சுட்டாள். புகையில் இருமினாள்.

ஜூலை 14, செவ்வாய்

மழை, மழை. இன்று காலைப் பெரட்டில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா என்னைப் பார்த்து, “கட்டை வந்தாச்சா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். மரியான் அண்ணன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. இன்று அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டையை மட்டும் போட்டேன், கையை மட்டும் தூக்கினேன். கத்தவில்லை. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது, அவர் அசையவில்லை. கடைசியில் கத்தினேன்.

தேயிலைப் பெட்டி ஏற்றி ஸ்டேஷனுக்கு இரண்டு நடை. சக்கரத்துக்குப் புது நட்டு கேட்கணும். பா.வுக்கு இருமல் மருந்து.

பெட்டிகளுக்கு நடுவே படுத்து வந்தேன். மேலே பனி, கீழே பனி. கண்ணை மூடினால் அந்த ஜன்னல். திரை நீலமா பச்சையா என்று யோசித்தேன். நீலம். வெயில் பட்டால் சுவரெல்லாம் நீலமாகும். லொறி நின்றதும் உடம்பு தானாகக் கீழே இருந்தது.

இதுதான் பயம். என் உடம்பு என்னைக் கேட்பதில்லை.

ஜூலை 19, ஞாயிறு

லொறி கழுவினேன். மேட்டில் நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்து பழகினேன். ஆளில்லாத மேட்டில் உட்கார முடிகிறது. யாராவது “நிறுத்து” என்று சொல்லிவிட்டால் கை கதவுக்குப் போகிறது. பா.வைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொன்னேன். முதல் தடவையாக லொறியின் முன் சீட்டில் ஏறுகிறாள். கம்பளியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பெரிய மனுஷிபோல் உட்கார்ந்தாள்.

“நிப்பாட்டுங்க.”

குதித்துவிட்டேன். இன்னொரு தரம். திரும்பவும் குதித்தேன்.

“இப்பிடியே போனா ஜன்னலு போயிரும்” என்றாள். வீட்டுக்குப் போகும்போது சொன்னாள், “டெஸ்டு அன்னைக்குக் கட்டையை எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. கட்டை இல்லாம எறங்கி என்னத்தப் போடுவீங்க?”

இத்தனை நாள் எனக்கு இது தோன்றவேயில்லை. கட்டை இல்லாத லொறியை நான் கனவில்கூடக் கண்டதில்லை.

ஜூலை 23, வியாழன்

காலையில் பா.விடம் கட்டையைக் கொடுத்தேன். பெரட்டுக்குப் போகிறவள், கூடைக்குள் போட்டுக்கொண்டாள். கை வெறுமையாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

அதே மப்ளர். அதே ரோடு. தூறல். சைகை காட்டிக் காட்டிச் சட்டைக் கை நனைந்துவிட்டது. ஏற்றம் வந்தது.

“நவத்தன்ன.”

நிறுத்தினேன். ஹேன்ட் பிரேக். கை கதவுக்குப் போனது, பிடியைத் தொட்டது, குளிர்ந்தது. அப்போது பனி இறங்கியது. முன்னாலிருந்த ரோடு போயிற்று, மரம் போயிற்று, பக்கத்திலிருந்தவர்கூட ரொம்ப தூரத்தில் இருக்கிறாற்போல் இருந்தது. என் கனவுதான் இது, ஆனால் இந்தத் தடவை நான் உள்ளே இருக்கிறேன். கட்டை எங்கே? நாலாம் நம்பர் மலையில், பா.வின் முதுகுக் கூடையில், கொழுந்துக்கு அடியில். அவ்வளவு தூரத்திலிருந்து அது இந்தச் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததும் கை தானாகக் கதவை விட்டுவிட்டது.

“ஹரி, யமு” என்றார். போகலாம் என்கிறார். கிளட்ச், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், ஹேன்ட் பிரேக்கை மெல்ல விட்டேன். ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. லொறி பனிக்குள் ஏறியது.

பாஸ்!

அவர் இறங்கும்போது என் கையைப் பார்த்துவிட்டு, “அத லீய கோ?” என்றார். இன்று கட்டை எங்கே என்று கேட்கிறார்.

“பெண்டாட்டிக்கிட்ட இருக்குங்க மஹத்தயா.”

அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். “ம்” என்றார். திரும்பும் வழியில் என்னை ஓட்டச் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். தூங்கினாரா, கண்ணை மூடியிருந்தாரா, தெரியாது. ‘ச்சு’ என்ற சத்தம் வரவில்லை.

ஜூலை 24, வெள்ளி

வெயில். பா. நானா கடைக்குப் போய் நீலத் துணி பார்த்து வந்தாள். வாங்கவில்லை, வீட்டுச் சாவி கைக்கு வரட்டுமாம். கட்டையைத் திருப்பித் தந்தாள், கொழுந்து வாசம் அடித்தது.

ஜூலை 31, வெள்ளி

எழுதுவது டிரைவர் வீட்டில். ஜன்னல் திறந்திருக்கிறது. பா. மத்தியானமே வந்து திறந்துவிட்டாளாம். பனி உள்ளே வந்து போகிறது, சாத்தச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள். அடுப்புப் புகை நேராக ஜன்னலுக்குப் போகிறது. இதுவரை இருமவில்லை. திரை இன்னும் தைக்கவில்லை.

காலையில் நடந்தது.

அண்ணனை ரயிலேற்றிவிடப் போனேன். வெள்ளைக் கால்சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து. அவருடைய டிரங்குப் பெட்டி பின்னால், தேயிலைப் பெட்டிகளோடு. முழு லோட். லொறிச் சாவியை என் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தத் தெரியாமல் இரண்டு தரம் அடித்தார். அந்தப் பக்கம் அவருக்குப் பழக்கமில்லை. அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்த கோபம் எனக்கு எப்போதோ போய்விட்டது, ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பாலம் தாண்டி மேட்டு வளைவில் எதிரே பஸ். ஒதுங்கி நிறுத்தினேன். ஹேன்ட் பிரேக் மறுபடியும் இளகிவிட்டது, லொறி மெல்லப் பின்னால் இழுத்தது. காலால் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. புதுக் கிளீனர் திங்கட்கிழமைதான் வருகிறான். பின்னால் யாருமில்லை. இத்தனை பாரத்தோடு காலை எடுத்தால் ஆற்றில்தான் போய் நிற்கும். இறங்கவும் முடியாது.

பக்கத்துக் கதவு திறக்கிற சத்தம். அண்ணன் சீட்டுக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்தார்.

“எங்கண்ணே போறீங்க?”

இறங்கிவிட்டார். கண்ணாடியைப் பார்த்தேன். ரோடு, மழைத் தண்ணீர், பனி. ஆள் இல்லை. லொறியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டுமே. காத்திருந்தேன்.

பிறகு வந்தார். வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் முழங்காலைக் குத்தி, வலது பின் சக்கரத்துக்குக் கீழே குனிந்தார். நான் குந்துகிற அதே இடம். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு கை மேலே வந்தது.

“போட்டாச்சு!”

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். லொறி அசையவில்லை.